உதவி தேவை: படத்தில் சிங்கம், எழுத்தில் லெப்பர்ட்!

காகிதப்பூ:
இங்கிலாந்து அரசச் சின்னம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சிவப்புப் பின்னணியில் மூன்று தங்க விலங்குகள். பிடரி மயிரோடு அசல் சிங்கங்கள், உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. மூலத்திலோ 'மூன்று லெப்பர்ட்' என்றிருக்கிறது. சிறுத்தை என்று எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பார்கள். சிங்கம் என்று மாற்றினால் எடிட்டர் விடமாட்டார். என்ன செய்யலாம்?

பழையபேனா:
மூலம் சரிதான். பழைய பிரெஞ்சுச் சின்னக் கலையில், பின்னங்காலில் எழுந்து பக்கவாட்டில் பார்த்தால் சிங்கம். அதே விலங்கு நடந்தபடி நம் பக்கம் முகத்தைத் திருப்பினால் லெப்பர்ட். புள்ளியெல்லாம் கணக்கிலேயே இல்லை. தைரியமாகச் சிங்கம் என்று போட்டு, ஓர் அடிக்குறிப்பு கொடுங்கள்.

காகிதப்பூ:
நன்றி. ஆனால் சிங்கத்துக்குப் போய் ஏன் அந்தப் பெயர்?

மணல்வீடு:
பெயருக்குள்ளேயே சிங்கம் இருக்கிறதே! கிரேக்கத்தில் லெயோன் என்றால் சிங்கம், பார்தோஸ் என்றால் புள்ளி போட்ட பெரும்பூனை. இரண்டும் கூடிப் பிறந்த கலப்பினம்தான் லெப்பர்ட் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். பார்தோசுக்குப் பிறந்த சிங்கத்துக்குப் பிடரி இருக்காது என்று ரோமானியர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். ஒட்டகச்சிவிங்கியையும் அவர்கள் ஒட்டகமும் பார்தோசும் சேர்ந்த பெயரால்தான் அழைத்தார்கள். நாம் மட்டும் என்ன, ஒட்டகத்தோடு சிவிங்கி என்ற புள்ளி போட்ட பூனையைச் சேர்த்துத்தானே வைத்திருக்கிறோம்!

காகிதப்பூ:
அப்புறம் இன்னொரு சிக்கல். புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1235இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு மூன்று லெப்பர்ட்களை அனுப்பியதாக அடுத்த பத்தியில் வருகிறது. அதையும் சிங்கமாக்கிவிடலாமா?

மணல்வீடு:
வேண்டாம், அங்கே உயிருள்ள சிறுத்தைதான். ஹென்றியின் சின்னத்தை மனத்தில் வைத்தே அந்தப் பரிசு என்று அக்கால வரலாற்றாசிரியர் மேத்யூ பாரிஸ் எழுதியிருக்கிறார். அடிக்குறிப்பைத் தேடி யாரும் போகமாட்டார்கள். அதனால் முதல் பத்தியிலேயே 'லெப்பர்ட், அதாவது சிறுத்தை என்று பெயர் பெற்ற மூன்று சிங்கங்கள்' என்று எழுதிவிடுங்கள். பரிசுக் கதை தானாகப் புரிந்துவிடும்.

பழையபேனா:
ஆமாம், என் அடிக்குறிப்பைவிட இது மேல்.

காகிதப்பூ:
அப்படியே எழுதி அனுப்பினேன். எடிட்டருக்குச் சம்மதம். லியோபார்ட் என்று மாற்றட்டுமா என்று மட்டும் கேட்கிறார்.

பழையபேனா:
வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த 'ஓ' ஒலிக்காது, லெப்பர்ட்தான்.