உயிராய் நேசிக்கும் ஜோடியைச் சிறையில் போட்டுத்தான் ஆக வேண்டுமா?

நிலவறைவாசி:
மாயாஜாலக் காதல் தொடர்களில் நாயகனும் நாயகியும் ஒருவருக்கொருவர் உயிர் என்று ஆனதும் கதை நகர மறுக்கிறது. உடனே ஒரு சூனியக்காரியோ இருள் அரசனோ வந்து இருவரில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் எபி எபியாக (எபிசோட் எபிசோடாக) சங்கிலி, சவுக்கு, "என்னவன் வருவான்". கடைசியில் மீட்பு, கட்டிப்பிடித்து அழுகை. உள்ளே போகும்போது இருந்த அதே காதல்தான் வெளியே வரும்போதும் இருக்கிறது. பிறகு அத்தனை எபியும் எதற்கு? வலியைக் காட்டிக் காதலுக்கு எடை கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். மறுப்பவர்கள் வரலாம்.

யாழ்நரம்பு:
வந்துவிட்டேன். காதல் கூடியதா என்று அளக்கவா சிறை வைக்கிறார்கள்? வெளியே இருக்கிறவளுக்கு ஆயிரம் வழி. உள்ளே இரண்டோ மூன்றோதான். காவலன் நீட்டும் உணவைத் தொடுவதா, கேள்விக்குப் பொய் சொல்வதா, வாய்ப்பு வந்தால் தனியே ஓடுவதா. ஒவ்வொன்றிலும் அவள் யார் என்று தெரிந்துவிடும். அசோகவனத்தில் அனுமன் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறான். கம்பனின் சீதை மறுக்கிறாள். இலங்கை என்ன, எல்லா உலகங்களையும் "என் சொல்லினால் சுடுவேன்", ஆனால் அது ராமனின் வில்லுக்கு மாசு என்று விட்டுவிட்டேன் என்கிறாள். போக வழி இருக்கிறது, கையில் ஆயுதமும் இருக்கிறது, இருந்தும் காத்திருக்கிறாள். இந்தக் காட்சியைச் சிறை இல்லாமல் எப்படி எழுதுவீர்கள்?

நிலவறைவாசி:
சீதை முடிவெடுக்கிறாள். நம் தொடர் நாயகி மயங்கி விழுகிறாள். போதாததற்கு 'ஆத்ம பந்தம்' வேறு. இருவரும் மனதுக்குள்ளேயே பேசிக்கொள்வார்களாம். தனிக்கொட்டடியில் இருபத்து நாலு மணி நேரமும் பேச்சுத்துணை!

கருங்குதிரை:
நானும் இந்த வகைத் தொடர் எழுதுகிறவன், அதனால் பந்தத்துக்காகப் பேசுகிறேன். குறை அதில் இல்லை, அதற்கு விலை வைக்காததில் இருக்கிறது. ஒருத்தி உடலில் பட்ட காயம் மற்றவனுக்கும் வலிக்கும் என்று விதி வைத்துப் பாருங்கள். வில்லன் இருவரையும் பிடிக்க வேண்டியதே இல்லை. ஒருத்தியை அடித்தால் நூறு காதத்துக்கு அப்பால் படை நடத்துகிறவன் குதிரையிலிருந்து விழுவான். அவள் என்ன செய்வாள்? பந்தத்தைத் தானே அடைத்துவிடுவாள். அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு சத்தமும் கேட்காது. செத்துவிட்டாளா, விலை போய்விட்டாளா என்று தெரியாமல் அவன் தவிக்க வேண்டும். அவள் காதலால் செய்த காரியமே அவனுக்குத் துரோகம் போலத் தெரியும். இங்கே சிறை கதைக்கு உழைக்கிறது. பலர் இதைச் செய்யாமல், ஐரோப்பிய நாட்டார் கதைகளில் தேவதைகளுக்கு இரும்பு ஆகாது என்று வருவதை எடுத்து, கைவிலங்கை இரும்பில் செய்து மாயத்தை அணைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மல்லிவாசகி:
எனக்கு இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அடைத்து வைத்தவனையே உருகி உருகிக் காதலிக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கேட்டால் ஆன்ட்டி ஹீரோ. அப்பட்டமான ஸ்டாக்ஹோம் சின்ட்ரோம்.

கருங்குதிரை:
மல்லி அக்கா, அந்தப் பெயரை வைத்தே உங்கள் பக்கம் இன்னும் பலமாகப் பேசலாம். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் வங்கியில் நான்கு பேரை ஆறு நாள் பிணை வைத்தார்கள். அதில் ஒரு பெண் பிரதமரிடமே தொலைபேசியில் பேசினார். கொள்ளையரை நம்புகிறேன், போலீஸ் உள்ளே புகுந்தால்தான் செத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்றார். இதில் காதல் எங்கே இருக்கிறது? யாரால் உயிர் போகும் என்ற கணக்குதான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலிலும் அது தனி நோயாக இல்லை. பிழைத்துக்கொள்ளப் போடும் கணக்கைக் காதல் என்று எழுதுவதுதான் பித்தலாட்டம்.

யாழ்நரம்பு:
அப்படியானால் அழகியும் விலங்கும் (Beauty and the Beast) கதையையும் தூக்கிப் போடுவீர்களா? பிரெஞ்சு எழுத்தாளர் வில்நெவ் 1740-இல் நீளமாக எழுதியதை, இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் போமோன் 1756-இல் சுருக்கினார். அந்தச் சுருக்கத்தில் விலங்கு தினமும் இரவு "என்னை மணப்பாயா" என்று கேட்கிறது, அவள் முடியாது என்கிறாள், அது ஏற்றுக்கொள்கிறது. தந்தையைப் பார்க்க அவளை அனுப்பியும் வைக்கிறது. திரும்பி வந்த பிறகுதான் அவள் சம்மதிக்கிறாள். கதவைத் திறந்த பிறகு வரும் 'சரி' வேறு, மல்லி.

மல்லிவாசகி:
தந்தையின் உயிருக்கு ஈடாகத்தானே அவள் முதலில் அங்கே போகிறாள்? அந்தக் கடனோடு கதவு திறந்தால் என்ன, மூடினால் என்ன.

பழையஏடு:
சிறையில் காதல் வேண்டுமென்றால் பழைய தமிழ்க் காப்பியமான பெருங்கதைக்கு வாருங்கள். பிரச்சோதனன் என்ற அரசன் பொய் யானை செய்து இன்னொரு அரசனான உதயணனைப் பிடிக்கிறான். கைதி இங்கே ஆண். சிறை வைத்தவன் மகள் வாசவதத்தைக்கு அவன் யாழ் கற்றுக்கொடுக்கிறான், கடைசியில் இருவரும் பெண் யானை மேல் ஏறித் தப்பிக்கிறார்கள். அதிகாரம் அவள் வீட்டில், கலை அவன் கையில். இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று இருக்கிறது. மயங்கி விழ யாருக்கும் நேரமில்லை.

நிலவறைவாசி:
அதே உதயணன் பின்னால் பதுமாபதியையும் மணக்கிறான் ஐயா. தலைப்பில் 'உயிராய் நேசிக்கும்' என்று போட்டிருக்கிறேன்.

பழையஏடு:
வாசவதத்தை தீயில் இறந்துவிட்டாள் என்று நம்ப வைத்தது யூகி. தன் அமைச்சன் செய்த வேலைக்கு உதயணன் என்ன செய்வான்!

நிலவறைவாசி:
சரி, யாழ்நரம்புக்கு வருகிறேன். சீதையைச் சொன்னீர்கள். மீட்ட அன்று என்ன நடந்தது? வால்மீகியிலும் கம்பனிலும் ராமனே கடுஞ்சொல் சொல்கிறான், அவள் தீயில் இறங்குகிறாள். அசோகவனத்தில் அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. உடைந்தது வெளியே இருந்தவன். சிறைக் கதையின் உண்மையான எபி அதுதான். அதை விட்டுவிட்டுச் சவுக்கடியை இழுத்து, மீட்ட மறுநாள் கல்யாணம் வைக்கிறார்கள். அவள் கதவைத் தாழ் போடாமல் தூங்க முடிகிறதா என்றுகூட யாரும் எழுதுவதில்லை.

யாழ்நரம்பு:
இப்போது நீங்கள் சிறை வேண்டாம் என்கிறீர்களா, சிறைக்குப் பின்னால் இன்னும் எழுது என்கிறீர்களா? இரண்டாவது என்றால் நாம் ஒரே கட்சி.

நிலவறைவாசி:
இல்லை. உள்ளே ஒரே ஒரு எபி, வெளியே மீதி எல்லாம். நீங்கள் அசோகவனத்தைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டீர்கள்.

யாழ்நரம்பு:
மாட்டேன்தான். உள்ளே அவள் எத்தனை நாள் எப்படி இருந்தாள் என்று வாசகருக்குத் தெரிந்தால்தான், அந்தக் கடுஞ்சொல் நமக்கும் சுடும்.

கருங்குதிரை:
என் தொடரில் மீட்புக்குப் பிறகான எபிகளைப் போட்டபோது 'ரொமான்ஸ் எப்போது வரும்' என்றுதான் கமென்ட் வந்தது. அவன் தொட்டதும் அவள் விலகுகிறாள், அவனும் கேட்காமல் பாயைத் தள்ளிப் போட்டுப் படுக்கிறான். இதைவிட ரொமான்ஸாக எனக்கு எழுதத் தெரியாது.

மல்லிவாசகி:
தொடரின் பெயரைச் சொல்லுங்கள், படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.