கடைவீட்டு மாடியில் ஏ3 காப்பியர்: போகும் முன் என்ன பார்ப்பது, ஆபீஸ்காரர்களுக்கு என்ன காட்டித் தருவது?

கேள்வி: புதுக்கை

வணக்கம். அடுத்த வாரம் சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் ஏ3 கலர் காப்பியர் ஒன்றை முதல்முறையாகத் தனியாகப் பொருத்தப் போகிறேன். எட்டுப் பேர் வேலை செய்யும் கணக்கு ஆபீஸ். லிஃப்ட் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் ஏர்கானை அடைத்துவிடுவார்களாம். இன்வாய்ஸ்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு அனுப்புவதுதான் அவர்களுடைய முக்கிய வேலை.

எந்தத் திருகு எங்கே என்பதெல்லாம் கையேட்டில் படத்தோடு இருக்கிறது. இடத்தில் முன்கூட்டியே என்ன பார்க்க வேண்டும், கடைசி இருபது நிமிடத்தில் அந்த ஆபீஸ்காரர்களுக்கு எதைக் காட்டித் தர வேண்டும், இந்த இரண்டும்தான் அதில் இல்லை. முதல் மாதமே சர்வீஸ் கால் வராமல் இருக்க வழி சொல்லுங்கள் அண்ணன்மாரே.

பதில் 1: அஞ்சடிக்காரன்

தம்பி, முதலில் படிக்கட்டை அளந்துவிடுங்கள். இரண்டு ட்ரே ஸ்டாண்டோடு ஏ3 மெஷின் 100 கிலோவை ஒட்டி வரும். கடைவீட்டுப் படிகள் குறுகல், செங்குத்து, நடுவில் ஒரு திருப்பம் வேறு. திருப்பத்தின் அகலத்தையும் மெஷினின் குறுக்களவையும் டேப் வைத்துப் பாருங்கள். அடி ஸ்டாண்டைத் தனியே ஏற்றி, மெயின் உடலைப் பிறகு ஏற்றினால் பாரம் குறையும். ஃபீடரை (மேலே தாளைத் தானாக இழுக்கும் பகுதி) பிடித்துத் தூக்க விடாதீர்கள், அதன் கீல் வளைந்தால் ஸ்கேன் கோணலாக விழும். கைப்பிடிகள் அடியில் மடிந்திருக்கும், அவற்றைத்தான் பிடிக்க வேண்டும். டோனரையும் டெவலப்பரையும் (டோனரோடு கலக்கும் தூள்) மேலே கொண்டுபோன பிறகே போடுங்கள். போட்ட மெஷினைச் சாய்த்தால் உள்ளே எல்லாம் கொட்டிவிடும். சாமானை அஞ்சடியில் (கடை முன் நடைபாதை) இறக்கி வைத்தால் ஆள் நடக்க வழி விட்டு வையுங்கள்.

அடுத்தது மின்சாரம். இந்த அளவு மெஷின் உச்சத்தில் சுமார் 1,500 வாட் இழுக்கும், 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்குக்கு அது சாதாரணம். எக்ஸ்டென்ஷனில் கெட்டிலோடு சேர்ந்தால்தான் ஆபத்து: 2,200 வாட் கெட்டிலும் இதுவும் சேர்ந்தால் 3,700, அந்த பிளக் தாங்குவதோ சுமார் 3,000. எனவே சுவரில் தனி பாயிண்ட். சின்ன யுபிஎஸ்ஸில் செருகவே கூடாது. ஃபியூசர் (டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பகுதி) ஹீட்டர் விட்டு விட்டு இழுக்கும், யுபிஎஸ் கத்தும். பக்கத்தில் பாயிண்ட் இல்லையென்றால் நீங்கள் வயர் இழுக்காதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியனை வாடிக்கையாளர் வரவழைக்கட்டும்.

இடம்: பின்னால் 10 செ.மீ., வலப் பக்கக் கதவு முழுதாகத் திறக்க இடம். ஜாம் (சிக்கிய தாள்) எடுக்கும் கதவு பெரும்பாலும் வலப் பக்கம்தான். சுவரோடு ஒட்டி வைத்தால் கதவு பாதி திறக்கும், காகிதத்தைப் பிய்த்து எடுப்பார்கள், துண்டு உள்ளே மாட்டிக்கொள்ளும். ஏர்கான் காற்று நேராக மெஷின்மேல் விழக்கூடாது. பழைய கடைவீட்டுப் பலகைத் தரையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கும். முன்பின், இடவலம் 5 மி.மீ.க்குள் சமமாக வரும்வரை கால் திருகுகளைச் சரிசெய்யுங்கள். கலர் மெஷின் சாய்ந்து நின்றால் நிறங்கள் விலகும், டெவலப்பர் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

டேப், ஸ்பேசர், ஸ்கேனர் பூட்டுத் திருகு எல்லாவற்றையும் எடுத்தபின் எண்ணிப் பாருங்கள். ஸ்கேனர் பூட்டை மறந்தால் பவர் போட்டதும் கடகட சத்தம், பிறகு எரர். டெவலப்பர் தனியாக ஊற்றும் மாடலாக இருந்தால் கையேட்டின் வரிசையை மாற்றாதீர்கள். சென்சார் அளவு பிடிக்கும் முன் டோனர் பாட்டிலைச் செருகினால் பிறகு எந்தக் காப்பியிலும் வெள்ளை இடம் சாம்பலாகவே வரும்.

பதில் 2: கேபிள்_கந்தசாமி

முதல் மாத கால்களில் ரொம்பவும் வருவது ஸ்கேன் ஃபோல்டர் பிரச்சினைதான். மெஷின் ஒழுங்காக இருக்கும், ஆனால் ஆபீஸ்காரர்களுக்கு அது “காப்பியர் கெட்டுப்போச்சு”.

வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். ஐபி முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் ரவுட்டரை அணைத்துப் போட்டதும் எட்டுப் பேருக்கும் “ஆஃப்லைன்” காட்டும். விண்டோஸ் தானாகச் சேர்க்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை எடுத்துவிட்டு டிசிபி 9100 போர்ட்டில் டிரைவரைப் போடுங்கள்.

ஃபோல்டர் ஸ்கேனுக்கு அந்த கம்ப்யூட்டரில் தனியாக ஒரு லோக்கல் யூசர் உருவாக்குங்கள். பாஸ்வேர்டு காலாவதியாகாதபடி டிக் போட வேண்டும். பலர் நான்கு இலக்க பின் எண்ணைக் கொடுத்துவிட்டு ஏன் உள்ளே போகவில்லை என்று குழம்புவார்கள். பின் எண் அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. ஷேரிங் அனுமதியும் செக்யூரிட்டி அனுமதியும் தனித்தனி, இரண்டிலும் எழுதும் உரிமை வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் தூங்கக்கூடாது.

பழைய மெஷின் எஸ்எம்பி 1 (நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் பழைய முறை) மட்டும் பேசும். விண்டோஸ் 10 2017-இல் வந்த 1709 பதிப்பிலிருந்தே அதை இயல்பாகச் சேர்ப்பதில்லை. விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2-இல் எஸ்எம்பி கையொப்பமும் கட்டாயம். முதலில் மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், வாடிக்கையாளர் கம்ப்யூட்டரின் பாதுகாப்பைத் தளர்த்திவிட்டு வராதீர்கள். மெஷின் கடிகாரத்தையும் சிங்கப்பூர் நேரத்துக்கு வையுங்கள். நேரம் தப்பாக இருந்தாலும் லாகின் நிராகரிக்கப்படக்கூடும், எரர் செய்தியில் அது தெரியாது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. வெளிநாட்டு மென்பொருளில் வரும் இன்வாய்ஸ் பிடிஎஃப் லெட்டர் அளவில் இருக்கும். 216×279 மி.மீ. காகிதம் கேட்டுக்கொண்டு மெஷின் நிற்கும், பின்னால் எல்லாருடைய வேலையும் வரிசையில் தேங்கும். லெட்டர் வந்தால் ஏ4-இல் அடி என்ற செட்டிங்கை அன்றைக்கே போட்டுவிடுங்கள். டிரைவரில் கறுப்பு வெள்ளை, இரு பக்கம் என்பதை இயல்பாக வையுங்கள். கலர் பக்கத்துக்கு சென்ட் கணக்கு கூடுதல், முதல் பில்லிலேயே சண்டை வரும்.

புதுக்கை

லெட்டர் விஷயம் தெரியவே தெரியாது, நன்றி அண்ணே. பராமரிப்பு பற்றியும் யாராவது சொல்லுங்கள். டிரம்மைத் துடைப்பது வரை காட்டலாமா?

பதில் 3: ரீம்_அக்கா

டிரம்மையா? வேண்டவே வேண்டாம் தம்பி. அது படம் பதியும் உருளை, வெளிச்சமே அதற்கு ஆகாது, கை ரேகை பட்டாலும் காப்பியில் தெரியும். ஆபீஸ் நிர்வாகம் பார்ப்பவர்களின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: எட்டுப் பேரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தால் யாருக்கும் நினைவிருக்காது. ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் கையாலேயே செய்ய வையுங்கள். நீங்கள் செய்து காட்டினால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

காகிதத்தில் தொடங்குங்கள். நம் ஊரில் விடிகாலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். ஏர்கான் நின்ற அறையில் ராத்திரி முழுக்கக் காகிதம் அந்த ஈரத்தைக் குடிக்கும். காலையில் முதல் ஐம்பது தாள் சுருளும், இரண்டிரண்டாகப் போகும், ஃபியூசரில் மடிப்பு விழும், எழுத்து அங்கங்கே வெளிறும். ட்ரேயில் 500 தாளையும் நிரப்பாமல் அன்றைக்கு ஆகும் அளவு மட்டும் போடச் சொல்லுங்கள். பிரித்த ரீமை (500 தாள் கட்டு) அதே உறையில் மடித்து, ஜிப் பையில் வைக்க வேண்டும். பெட்டிகள் தரையில் அல்ல, அலமாரியில். 80 கிராம் காகிதம் 70-ஐவிட விறைப்பு, ஈரத்துக்குக் கொஞ்சம் தாங்கும். ட்ரே கைடு காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இறுக்கினால் காகிதம் வளையும், தளர்த்தினால் கோணலாகப் போகும்.

இரண்டாவது, ஃபீடரின் ஒடுக்கக் கண்ணாடி. பெரிய கண்ணாடிக்கு இடப்புறம் ஓரிரண்டு செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை இருக்கும். ஃபீடரில் போகும் தாள் இதன் மேல்தான் ஓடும். காயாத திருத்த வெள்ளை, ஸ்டிக்கர் பசை, ஒரு துளி போதும், காப்பி முழுக்க நெடுகக் கறுப்புக் கோடு. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் தட்டும். ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை. இன்வாய்ஸ் ஸ்கேன் செய்யும் ஆபீஸுக்கு வாரம் ஒருமுறை. இரு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் படிக்கும் ஃபீடராக இருந்தால் உள்ளே இன்னொரு பட்டை உண்டு. பின்பக்கத்தில் மட்டும் கோடு வந்தால் அதைத்தான் துடைக்க வேண்டும். ஸ்டேப்பிள் பின்னோடு தாளைப் போட்டால் கண்ணாடியில் கீறல் விழும். அது துடைத்தால் போகாது, மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது: அழைக்கும் முன் பழுது எந்தப் பக்கம் என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பது. ஃபீடரில் காப்பி, பெரிய கண்ணாடியில் காப்பி, கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட், மூன்றையும் எடுக்கட்டும். ஃபீடரில் மட்டும் கோடு வந்தால் ஒடுக்கக் கண்ணாடி. மூன்றிலும் வந்தால் அச்சடிக்கும் பகுதி, நீங்கள் வர வேண்டும். நெடுக வெள்ளைக் கோடு என்றால் லேசர் கண்ணாடியில் தூசி இருக்க வாய்ப்பு அதிகம். சில மாடல்களில் அதைத் துடைக்கும் குச்சி முன்கதவின் உட்புறம் செருகியிருக்கும், இருந்தால் காட்டிவிடுங்கள். புள்ளி ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலால் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

டோனர்: “குறைவு” என்று வந்தால் வாங்கி வைக்க வேண்டும், “தீர்ந்தது” என்று வந்தால்தான் மாற்ற வேண்டும். முதல் செய்தியிலேயே மாற்றி, மிச்சத்தைக் குப்பையில் போடுபவர்களே அதிகம். கையேடு சொன்னால் ஐந்தாறு முறை குலுக்கிவிட்டுச் செருகலாம். கொட்டினால் குளிர்ந்த நீரில் நனைத்த துணி மட்டும். வெந்நீர் பட்டால் டோனர் உருகி ஒட்டும். வீட்டு வேக்யூம் கூடாது, நுண்தூள் ஃபில்டரைத் தாண்டும், மோட்டார் பொறியில் பற்றவும் கூடும். வேஸ்ட் டோனர் பாட்டிலைத் தட்டிக் காலிசெய்து திரும்பப் போடக்கூடாது.

பதில் 4: அஞ்சடிக்காரன்

அக்கா சொன்ன அளவுக் கணக்கை விளக்கிவிடுகிறேன். உருளையின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் இடைவெளி. 30 மி.மீ. டிரம் என்றால் 94 மி.மீ.க்கு ஒரு புள்ளி. ஃபியூசர் ரோலர் 40 மி.மீ. என்றால் 126-ஐ ஒட்டி. சர்வீஸ் மேனுவலில் உங்கள் மாடலின் பட்டியல் இருக்கும். போட்டோ வந்ததும் எந்தப் பாகத்தை எடுத்துப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும், இரண்டு முறை படியேற வேண்டாம்.

ஜாம் பற்றியும்: காகிதம் போகும் திசையிலேயே, இரு கையாலும், மெதுவாக. கிழிந்தால் துண்டுகளை மேசைமேல் சேர்த்து முழுத்தாள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியூசர் 180 டிகிரியை ஒட்டிச் சூடு. மஞ்சள் எச்சரிக்கை ஒட்டிய இடத்தில் கை வைக்கக்கூடாது. பாதி உரித்த லேபிள் தாளை எந்தக் காரணம் கொண்டும் போடக்கூடாது. பசை ஃபியூசரில் சுற்றிக்கொண்டால் பாகம் மாற்றும் செலவு அவர்களுக்குத்தான், பல ஒப்பந்தங்களில் அது சேராது.

பதில் 5: கேபிள்_கந்தசாமி

ராத்திரி சுவர் சுவிட்சை அணைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல மாடல்களில் ட்ரேக்கு அடியில் ஈரம் போக்கும் ஹீட்டர் உண்டு, சிலவற்றில் அது தனிப் பாகம். மெஷின் தூங்கும்போதும் சுவரில் மின்சாரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். சர்வீஸ் மோடிலோ தனி சுவிட்சிலோ அதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். இங்கே அதை விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அணைத்தே தீர வேண்டுமானால் முதலில் மெஷினின் சொந்த சுவிட்ச், திரை இருண்ட பிறகு சுவர். நேராகப் பிடுங்கினால் ஹார்டு டிஸ்க்குக்கு ஆகாது.

கணக்கு ஆபீஸ் என்பதால் இதுவும்: அட்மின் பாஸ்வேர்டு பெட்டியில் வந்ததாகவே இருக்க வேண்டாம், மாற்றி உறையில் போட்டுக் கொடுங்கள். சம்பளப் பட்டியலை அடிப்பவருக்கு பின் எண் போட்டு எடுக்கும் பிரிண்ட்டைக் காட்டுங்கள். வாடகை முடிந்து மெஷின் திரும்பும் நாளில் டிஸ்க்கை அழித்துத் தருவது யார் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா எனப் பார்க்கட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தத் தரவுக்குப் பொறுப்பு அவர்கள்தான்.

ரீம்_அக்கா

இன்னொன்று. ஃபீடர் ரப்பர் ரோலரைத் துடைக்க ஆல்கஹால் கொடுத்துவிட்டு வராதீர்கள். சில ரப்பர் காய்ந்து வெடிக்கும். பிழிந்த ஈரத்துணி போதும், தூசி உதிராத துணியாக இருக்கட்டும்.

புதுக்கை

எல்லாருக்கும் நன்றி. எடுத்த டேப், ஸ்பேசர்களை வீசிவிடலாமா?

அஞ்சடிக்காரன்

டேப் போகட்டும். திருகையும் ஸ்பேசரையும் ஜிப் பையில் போட்டு ஸ்டாண்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள், இடம் மாறும்போது தேடுவார்கள். கிளம்பும் முன் எல்லா ட்ரேயிலிருந்தும் ஒவ்வொரு இருபக்க பிரிண்ட், எட்டு கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு ஸ்கேன். நீங்கள் அடித்த சோதனைத் தாள் உட்பட கவுன்டர் எண்ணை (மெஷின் இதுவரை அடித்த பக்கக் கணக்கு) டெலிவரி ஆர்டரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.