டிசம்பர் குல்மார்க்: பனி குறைவென்றால் பனிச்சரிவு பயம் இல்லையா?

ஓசூர்க்காரன்:
நாங்கள் நான்கு பேர் டிசம்பர் கடைசியில் ஓசூரிலிருந்து குல்மார்க் போகிறோம். எல்லோருக்கும் பனிச்சறுக்கு நன்றாக வரும். கொண்டோலா என்ற கம்பிவட வண்டியில் அபர்வத் மலைவரை ஏறி, ரோந்துக் குழு பார்த்துக்கொள்ளும் எல்லைக்கு வெளியே இறங்குவதாகத் திட்டம். வீட்டில் பனிச்சரிவு என்று பயப்படுகிறார்கள். அங்கே ஆள் செத்ததாக நான் கேள்விப்பட்டது 2023, 2024 பிப்ரவரியில், பனி குவிந்து கிடந்தபோது. டிசம்பரில் இடுப்பளவு பனிகூட இருக்காது. சரிய அங்கே என்ன இருக்கிறது?

பென்னாகரம் மாது:
தம்பி, பனி குறைவு என்பதுதான் எனக்குப் பயமே. பட்டாளத்தில் இருந்தபோது காஷ்மீர்க் குளிரைப் பார்த்தவன் நான். முதல் பனி மெல்லிசாக விழும். அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி, மேலே ராத்திரியில் மைனஸ் பத்து, பதினைந்து. இந்த வித்தியாசத்தால் அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்கள் பிடிப்பில்லாத பெரிய மணிகளாக மாறிவிடும். கையில் அள்ளி உருண்டை பிடித்தால் நிற்காது, விரலிடுக்கில் உதிரும். வெயில் படாத வடக்குச் சரிவுகளில் இது வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அப்புறம் புதுப்பனி இறங்கும், காற்றும் அள்ளி வந்து கொட்டும். கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் கருங்கல் பலகையைச் சாய்த்து வைத்த கதைதான். ஓர் ஆள் ஏறினால் போதும். மனிதர்கள் சிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை அவர்களோ கூட்டாளியோ கிளப்பிவிட்டவைதான்.

ஓசூர்க்காரன்:
சரி அண்ணா, மேலே பலகை உட்கார்ந்தால்தானே ஆபத்து? புதுப்பனி விழுந்த மறுநாள் நாங்கள் போகமாட்டோம். பனிச்சரிவு எச்சரிக்கை விடும் சண்டிகர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. சொல்வதையும் பார்ப்போம். அப்படியே சரிந்தாலும் இவ்வளவு பனியில் சின்னதாகத்தான் சரியும்.

கிருஷ்ணகிரி தேன்மொழி:
2022 அக்டோபர் 4-ஐ மறந்துவிட்டீர்களா? உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில், பனிச்சரிவில், நேரு மலையேற்ற நிறுவனப் பயிற்சிக் குழுவில் 29 பேரைப் பறிகொடுத்தோம். குளிர்காலம் தொடங்கவே இல்லை அப்போது.

ஓசூர்க்காரன்:
அது 5,000 மீட்டருக்கு மேலே, மழைக்காலம் முடிந்த கையோடு நடந்தது. கொண்டோலாவின் மேல் நிலையம் 4,000 மீட்டருக்குக் கீழே. இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை.

பென்னாகரம் மாது:
குல்மார்க்கையே எடுத்துக்கொள்வோம், நீங்கள் சொன்ன 2024-ம் பனி குறைவாகத் தொடங்கிய ஆண்டுதான். 2024 ஜனவரியில் பெரும்பகுதி வறட்சி, போனவர்கள் வெறும் தரையைப் பார்த்துத் திரும்பினார்கள். மாதக் கடைசியிலிருந்து பனி கொட்டியது. பிப்ரவரி 22 அன்று பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார்.

மறுநாள் போகமாட்டேன் என்பது சாதாரணப் புதுப்பனிக்குச் சரி, அது ஓரிரு நாளில் இறுகும். அடியில் மணியாகிப் போனது வாரக்கணக்கானாலும் ஆறாது. சின்னச் சரிவு என்பதும் ஆறுதல் இல்லை. டிசம்பரில் பாறைகள் மூடாமல் கிடக்கும், அவற்றின்மேல் உங்களை இழுத்துக்கொண்டு போகும். 30 டிகிரிக்குக் குறைவான சாய்விலேயே இருங்கள்.

ஓசூர்க்காரன்:
30 டிகிரிக்குக் கீழே சறுக்க அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்? உள்ளூர் வழிகாட்டி வருகிறார், ஆளுக்கொரு பீக்கன், அதாவது புதைந்த இடத்தைக் காட்டும் ரேடியோ கருவி, வாடகைக்கு எடுக்கிறோம்.

கிருஷ்ணகிரி தேன்மொழி:
பீக்கன் புதைந்தவரைத் தேடத்தான், புதையாமல் காப்பாற்றாது. பனிக்குள் குத்தித் தேடும் குத்துக்கோலும் மண்வெட்டியும் நான்கு பேரிடமும் இருக்க வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள், அரை மணி தாண்டினால் வெகு சிலரே. மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க முடியாது, தோண்டப் போவது நீங்கள்தான். வாடகைக்கு எடுத்த அன்றே ஒரு பீக்கனைப் பையில் போட்டுப் புதைத்து, தேடிப் பழகுங்கள். சரிவில் ஒவ்வொருவராக இறங்குங்கள்.

ஓசூர்க்காரன்:
பழகுகிறோம். ஆனால் திட்டத்தை மாற்றுவதாக இல்லை. வழிகாட்டியே போக வேண்டாம் என்று சொன்னால் மட்டும் எல்லைக்குள் இருப்போம்.

பென்னாகரம் மாது:
அவர் போகலாம் என்றாலும், இறங்கும் முன் தரைவரை ஒரு குழி வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பனி கையில் உதிர்ந்தாலோ, நடக்கும்போது காலடியில் 'தும்' என்று அமுங்கி விரிசல் ஓடினாலோ, அந்தச் சரிவு வேண்டாம் தம்பி.