0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் பக்கத்துல 0.01 எதுக்கு? யாராவது கணக்குப் போட்டுக் காட்டுங்க

#1 நானோஹென்றி
போர்டு டிசைன் தொடக்கப் பாடம் இழையில பழையபலகை சார் எழுதினதை அப்படியே ஒட்டுறேன்: "ஐசியின் ஒவ்வொரு பவர் பின்னிலும் 10 மைக்ரோ, 0.1 மைக்ரோ, 0.01 மைக்ரோ மூன்றும் இருக்க வேண்டும். பெரியது தாழ் அதிர்வெண்ணுக்கு, சிறியது உயர் அதிர்வெண்ணுக்கு." கீழ ஆளாளுக்குக் கைதட்டல் வேற.

10 மைக்ரோ சரி. 0.1 சரி. அந்த 0.01 எதுக்கு? ரெண்டும் 0603ங்கிற ஒரே உடம்பு சைஸ். இண்டக்டன்ஸ் வர்றது உடம்பு சைஸுலயும் பேடுல (சாலிடர் பண்ற செப்புத் திட்டு) இருந்து பிளேனுக்கு (ஒரு லேயர் முழுக்கப் பரவின செப்பு) போய் வர்ற லூப்புலயும்தான், மேல எழுதியிருக்கிற மதிப்புல இல்ல. வயாவை (லேயர்களை இணைக்கிற செப்புத் துளை) பேடை ஒட்டி வெச்சா ரெண்டுக்குமே சுமார் 1 நானோஹென்றி. 100 நானோஃபாரட் (அந்த 0.1 மைக்ரோ) 16 மெகாஹெர்ட்ஸ்ல ரெசோனேட் ஆகும், அங்கதான் இம்பிடன்ஸ் (ஏசிக்கான தடை) அடிமட்டம்; 10 நானோ (அந்த 0.01) 50ல. நடுவுல ஒண்ணு இண்டக்டர் மாதிரி, இன்னொண்ணு கெபாசிட்டர் மாதிரி நடக்கும். இண்டக்டரும் கெபாசிட்டரும் பேரலல்ல இருந்தா என்ன ஆகும்னு டிப்ளமோ பாடத்துலயே இருக்கு. 37 மெகாஹெர்ட்ஸ்ல இம்பிடன்ஸ் மேடு. ஈஎஸ்ஆர் (கெபாசிட்டருக்குள்ளயே இருக்கிற ரெசிஸ்டன்ஸ்) 20 மில்லி ஓம், 50 மில்லி ஓம்னு வெச்சா மேட்டு உயரம் அரை ஓமுக்குக் கொஞ்சம் மேல. அதே இடத்துல ரெண்டு 100 நானோ வெச்சிருந்தா 0.1 ஓம். காசு கொடுத்து அஞ்சு மடங்கு மோசமாக்குறதுக்குப் பேர் டிசைனா?

#2 பழையபலகை
தம்பி, வணக்கம். பாடத்தை முழுதாகப் படிக்காமல் ஒரு வரியைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பழக்கம்தானே.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 72 மெகாஹெர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். 100 நானோவும் 10 நானோவும் சேர்ந்தால் 0.15 ஓம். இரண்டு 100 நானோ என்றால் 0.21 ஓம். எது குறைவு? எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகண்ட்ரோலர் ஓடுவது 72இல். 37இல் அல்ல.

#3 சாலிடர்புகை
ஆரம்பிச்சுட்டாங்கய்யா. ரெண்டு பேரும் 0.01க்கு அடிச்சுக்கிறீங்க. அந்த 10 மைக்ரோவை யாரும் கண்டுக்கல. 0402 சைஸ், 6.3 வோல்ட், எக்ஸ்5ஆர் வகை செராமிக் போட்டு 3.3 வோல்ட் கொடுத்தா பாதிக்கு மேல காணாமப் போகலாம். எக்ஸ்5ஆர்னா ±15 சதவீதம்தானேன்னு நினைக்கிறவங்களுக்கு: அது டெம்பரேச்சருக்கு மட்டும். டிசி பயாஸ் (கெபாசிட்டர் மேல நிக்கிற டிசி வோல்டேஜ்) பத்தி அந்த எழுத்து ஒண்ணுமே சொல்லாது. டேட்டாஷீட்ல கிராஃப் பார்த்து, 0805ல 16 வோல்ட் போடுங்க.

#4 நானோஹென்றி
@சாலிடர்புகை அது சரி, ஆனா அது வேற இழை.

@பழையபலகை 72 எடுத்துட்டு வர்றீங்க. ஐசி சைன் வேவா இழுக்குது கரண்ட்டை? 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட போர்டுல 3வது ஹார்மோனிக் 36. சரியா மேட்டு உச்சியில உட்காரும். 36ல உங்க ஜோடி எவ்வளவுன்னு சொல்லுங்க. நானே சொல்றேன்: 0.52 ஓம். 3.3 வோல்ட்ல 5 சதவீத ரிப்பிள், அரை ஆம்பியர் ஸ்டெப்னு வெச்சா டார்கெட் இம்பிடன்ஸ் (தாண்டக் கூடாத அளவு) 0.33 ஓம். ஃபெயில்.

#5 தேன்தமிழன்
ஐயா, முதலில் வரையறையைத் தெளிவு செய்வோம். டீகப்ளிங் வேறு, பைபாஸ் வேறு, பல்க் வேறு. ஒன்று ஒரு சிப்பின் இரைச்சல் இன்னொன்றுக்குப் போகாமல் தடுப்பது. இன்னொன்று இரைச்சலை அருகிலேயே கிரவுண்டுக்குத் திருப்பிவிடுவது. மூன்றாவது மின்னூட்டச் சேமிப்பு. எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறோம்? மேலும், மின்தேக்கி என்ற அருமையான சொல் இருக்கும்போது கெபாசிட்டர் எதற்கு?

#6 நானோஹென்றி
வரையறை அப்புறம். 36ல 0.52.

#7 பழையபலகை
36, 36 என்று மந்திரம் ஓதுகிறீர்கள். ஒரு போர்டில் இரண்டே மின்தேக்கிகளா இருக்கின்றன? 100 பின் எஃப்103இல் ஐந்து ஜோடி விடிடி (சப்ளை) பின்கள். ஐந்து இடத்திலும் வைத்தால் உங்கள் மேடு கரைந்துவிடும்.

டேட்டாஷீட்டையும் திறந்து பாருங்கள். விடிடிஏ (அனலாக் சப்ளை) பின்னுக்கு 10 நானோ + 1 மைக்ரோ என்று தயாரிப்பாளரே போட்டிருக்கிறார். 10 நானோ என்பது 0.01 மைக்ரோதானே? அவர்களுக்கும் கணக்குத் தெரியாதா?

#8 நானோஹென்றி
டேட்டாஷீட்டைத் திறந்ததுக்கு நன்றி. அதே படத்துல விடிடிக்கு என்ன இருக்கு? அஞ்சு 100 நானோ, ஒரு 4.7 மைக்ரோ. அவ்வளவுதான். அஞ்சு பின்னுல ஒரு பின்னுலயாவது 0.01 இருக்கா? விடிடிஏல 1 மைக்ரோவை அவங்க ஹார்டுவேர் கைடுல "டான்டலம் அல்லது செராமிக்"னு குடுத்திருக்காங்க. டான்டலத்தோட ஈஎஸ்ஆர் ஓம் கணக்குல இருக்கும், மேட்டை அதுவே அமுக்கிடும். ரெண்டையும் செராமிக்கா வெச்சா அமுக்க ஆள் இல்ல.

அஞ்சு ஜோடி வெச்சா மேடு கரையுமா? அஞ்சும் ஒரே மாதிரி ஜோடின்னா மொத்த இம்பிடன்ஸ் அஞ்சுல ஒண்ணு ஆகும். பத்து 100 நானோ வெச்சாலும் அஞ்சுல ஒண்ணு ஆகும். மேடு அதே 37ல, விகிதம் அதே அஞ்சு மடங்கு. கரையாது சார். எங்க போனாலும் கூடவே வரும்.

#9 வயாவாலா
ஒரு நிமிஷம். அந்த 1 நானோஹென்றி எங்கிருந்து வந்துச்சு? 1.6 மிமீ போர்டு, 0.3 மிமீ துளை, ஃபார்முலா போட்டா ஒரு வயாவே 1.3 நானோஹென்றி. கெபாசிட்டருக்கு ரெண்டு வயா. அடித்தளமே ஆடுது, மேல மாடி கட்டிட்டு இருக்கீங்க.

#10 நானோஹென்றி
நாலு லேயர் போர்டு. கிரவுண்ட் ரெண்டாம் லேயர்ல, 0.2 மிமீ கீழ. வயாவுல கரண்ட் ஓடுற நீளம் அந்த 0.2 மிமீதான், முழு 1.6 இல்ல. 0.1 நானோஹென்றி கூட வராது. அதோட ரெண்டு வயாவுல கரண்ட் எதிரெதிரா ஓடுது, பக்கத்துல பக்கத்துல வெச்சா இன்னும் குறையும்.

#11 வயாவாலா
கிரவுண்ட் ரெண்டாம் லேயர். விசிசி (சப்ளை) பிளேன்? மூணாம் லேயர்ல. அது மேல இருந்து 1.3 மிமீக்கும் கீழ. அந்த வயாவுல கரண்ட் பறந்து போகுமா?

#12 நானோஹென்றி
சரி, 1.5 வெச்சுக்கோங்க. மேடு 37ல இருந்து 30க்கு நகரும். 2 வெச்சா 26. எங்கயும் மறையல. லூப் கூடினா உயரமும் கூடுது. நீங்க எனக்குத்தான் உதவி பண்றீங்க.

#13 சாலிடர்புகை
ரெண்டு லேயர் போர்டுல பேசுங்கய்யா, அங்கதான் பாதி பேர் அடிபடுறாங்க. ஐசி பின்னுல இருந்து கெபாசிட்டருக்கு 5 மிமீ மெல்லிய டிராக் ஓட்டி வைக்கிறாங்க. அதுலயே 4, 5 நானோஹென்றி. 100 நானோவோட ரெசோனன்ஸ் 16ல இருந்து 7 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்துடும். அந்த நிலைமையில 0.01 வெச்சா என்ன, 0.001 வெச்சா என்ன. முதல்ல கெபாசிட்டர், பிறகு வயா, சப்ளை கெபாசிட்டர் பேடு வழியா பின்னுக்குள்ள போகணும். கிரவுண்ட் பேடுக்கு அதுக்குன்னு தனி வயா. ரெண்டு கெபாசிட்டர் ஒரே வயாவைப் பங்கு போடக் கூடாது.

#14 வயாவாலா
"முதல்ல கெபாசிட்டர், பிறகு வயா" ரெண்டு லேயருக்குத்தான். பிளேன் இருந்தா பின்னும் பேடும் தனித்தனியா பிளேனுக்கு இறங்கினாலே போதும். நாலு லேயர்லயும் அதையே பிடிச்சுத் தொங்காதீங்க.

#15 பழையபலகை
பார்த்தீர்களா, ஆளுக்கு ஒரு இண்டக்டன்ஸ். 1, 1.5, 2, 5. ஆனால் 37இல் மேடு என்று மட்டும் கல்வெட்டில் பொறித்த மாதிரி சொல்வார். 1.5 போட்டாலும் 72இல் என் ஜோடிதான் குறைவு, 2 போட்டாலும் என் ஜோடிதான். 50க்கு மேல் எங்கே போட்டாலும் என் ஜோடிதான். இதற்கு ஒரு வரி பதில் வரவில்லை.

எல்எம்1117 ரெகுலேட்டர் இழையிலும் இப்படித்தான். அவுட்புட்டில் செராமிக் போதும் என்று அடித்துப் பேசினார். டேட்டாஷீட்டில் ஈஎஸ்ஆர் 0.3 முதல் 22 ஓம் வரை என்று இருக்கிறது. 10 மைக்ரோ செராமிக்கின் ஈஎஸ்ஆர் சில மில்லி ஓம். ரெகுலேட்டர் ஆஸிலேட் ஆகும். அன்றைக்கு எங்கே போனது கணக்கு?

#16 நானோஹென்றி
எல்எம்1117 இழையில நான் சொன்னது "செராமிக் போதும், கூட சீரிஸ்ல 0.5 ஓம் ரெசிஸ்டர் வைங்க". ரெண்டாம் பாதியை வெட்டிட்டுச் சொல்றது யார் பழக்கம்னு படிக்கிறவங்க பார்த்துக்கட்டும்.

72க்குப் பதில்: 0.15க்கும் 0.21க்கும் வித்தியாசம் 3 டிபி. 36ல 0.1க்கும் 0.5க்கும் வித்தியாசம் 14 டிபி. 3 டிபி லாபத்துக்கு 14 டிபி நஷ்டம். அந்த 0.06 ஓம்தான் வேணும்னா இன்னொரு 100 நானோ வைங்க, மூணு சேர்ந்து 0.14 ஆயிடும். மேடும் இல்ல. மூணு ஒரே மதிப்புன்னா ரீல் கூட ஒண்ணு போதும், மெஷின்ல ஃபீடர் மிச்சம்.

இந்த மூணு மதிப்புப் பழக்கம் லீடு வெச்ச கெபாசிட்டர் காலத்துது. அப்ப பெரிய மதிப்புன்னா பெரிய உடம்பு, நீளமான கால், கூட இண்டக்டன்ஸ். சின்னதை ஒட்டி வைக்கிறதுல அர்த்தம் இருந்துச்சு. இன்னைக்கு 1 மைக்ரோவே 0402ல கிடைக்குது. உடம்பு மாறிடுச்சு, மந்திரம் மட்டும் மாறல.

#17 தேன்தமிழன்
ஐந்தாம் பதிவுக்கு இன்னும் பதில் இல்லை. டீகப்ளிங் மின்தேக்கியைப் "பிணைப்பு நீக்கி" என்று அழைக்கலாம் என முன்மொழிகிறேன்.

#18 சாலிடர்புகை
போர்டுல இருந்து அதைக் கழட்டினா "பிணைப்பு நீக்கி நீக்கம்"னு சொல்லணுமா ஐயா?

#19 தேன்தமிழன்
கேலி எளிது. சொல்லாக்கம் கடினம்.

#20 பழையபலகை
ரேடியோ சிப்களின் பிஏ (பவர் ஆம்ப்ளிஃபையர்) பின்னில் 100 பிகோ சி0ஜி செராமிக் எதற்கு வைக்கிறார்கள் தம்பி? 1 நானோஹென்றியோடு அது 500 மெகாஹெர்ட்ஸில் ரெசோனேட் ஆகும். 433 மெகாஹெர்ட்ஸுக்கு அதனால்தான் அது. அங்கே "ஒரே மதிப்பு போதும்" என்று போய்ச் சொல்லுங்கள்.

#21 நானோஹென்றி
அது ஒரே ஃப்ரீக்வென்சி தெரிஞ்ச இடம். குழியை அந்த இடத்துல வெட்டுறாங்க. நீங்க பாடத்துல எழுதினது "ஒவ்வொரு பவர் பின்னிலும்". ஒவ்வொரு பின்னும் 433ல பாடுதா?

சந்தேகம் இருக்கிறவங்க அளந்து பாருங்க. நானோவிஎன்ஏ (சின்ன நெட்வொர்க் அனலைசர்) போதும். வெறும் போர்டுல ரெண்டையும் சாலிடர் பண்ணி, ரெண்டு கோஆக்ஸ் துண்டை அதே பேடுல நேரா சாலிடர் பண்ணுங்க, ஷன்ட் த்ரூ முறை. எஸ்21 (ஒரு கோஆக்ஸ்ல இருந்து இன்னொண்ணுக்குப் போற சிக்னல் அளவு) −34 டிபின்னா 0.5 ஓம், −48ன்னா 0.1 ஓம். 10ல இருந்து 100 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப். 1 மெகாவுக்குக் கீழ கேபிள் கிரவுண்ட் லூப் ஏமாத்தும், அதை நம்பாதீங்க.

#22 பழையபலகை
வெறும் போர்டில் இரண்டு துண்டு. ஐசி இல்லை, பிளேன் இல்லை, 10 மைக்ரோ இல்லை. அதில் மேடு தெரியத்தான் செய்யும். ஓடுகிற போர்டில் ஸ்கோப் வைத்துக் காட்டுங்கள்.

#23 சாலிடர்புகை
ஸ்கோப்னா முதலைக் கிளிப் கிரவுண்ட் வயரோட வெச்சுடாதீங்க. 15 செமீ வயர் 100 நானோஹென்றிக்கு மேல, அதுவே மணி அடிக்கும். புரோப் நுனியில ஸ்பிரிங் கிரவுண்ட் போட்டு கெபாசிட்டர் பேடுலயே தொடுங்க.

#24 நானோஹென்றி
10 மைக்ரோ 37 மெகாஹெர்ட்ஸ்ல என்ன பண்ணும்? அதுவும் இண்டக்டர்தான் அங்க. மேட்டைக் கொஞ்சம் தள்ளும், கொஞ்சம் அமுக்கும், துடைச்சு எடுக்காது. பிளேனா? 0.1 மிமீ இடைவெளி எஃப்ஆர்4 போர்டுல சதுர செமீக்கு 38 பிகோஃபாரட்தான். 36ல அது எந்த மூலைக்கு?

36ல எவ்வளவுன்னு நீங்க இன்னும் சொல்லல சார்.

#25 பழையபலகை
72இல் எவ்வளவு என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். பாடத்தில் ஒரு எழுத்தும் மாறாது.

#26 வயாவாலா
விசிசி வயா நீளம் 1.3ஆ, 0.2ஆ? #11ல கேட்டது. இன்னும் அப்படியே கிடக்கு.