வீட்டுப் பதிவில் இரைச்சல், ரீங்காரம், அறையொலி: எதிலிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். வீட்டில் ஓர் அறையில் பாட்டும் கிட்டாரும் பதிவு செய்துவருகிறேன். கண்டென்சர் மைக் (மின்சாரம் தேவைப்படும் நுட்பமான மைக்), மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், மடிக்கணினி ஆகியவை இருக்கின்றன. பாடிய ட்ராக்கைத் தனியாகக் கேட்டால் பின்னணியில் "உஸ்" என்ற இரைச்சல் விடாமல் ஒலிக்கிறது. கிட்டாரைக் கேபிள் வழியாக நேரடியாக இணைத்தால் ரீங்காரமும் மெல்லிய கீச்சொலியும் சேர்ந்துகொள்கின்றன. போதாக்குறைக்கு, குரல் காலிப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே சுமார் 60 செ.மீ. இருக்கும், இன்டர்ஃபேஸில் உள்ளீட்டைப் பெருக்கும் கெயினை முக்கால்வாசிக்கு மேல் திருப்பினால்தான் போதிய அளவு பதிவாகிறது. சுவரில் மெல்லிய ஃபோம் ஒட்டியும் பெரிய மாற்றம் இல்லை. இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினால் சொற்களின் ஈற்றொலிகளும் சேர்ந்து தேய்ந்துபோகின்றன. இதைவிட நல்ல மைக் வாங்குவதுதான் வழியா?

மறுமொழி 1

மைக் வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் சொல்லியிருப்பவை வெவ்வேறு இடங்களில் பிறக்கும் கோளாறுகள். அவற்றைப் பிரித்தறியாமல் எதை வாங்கினாலும் பணம்தான் வீண். கெயினை வழக்கமான இடத்திலேயே வைத்துக்கொண்டு, யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். அடுத்து மின்விசிறியை நிறுத்திவிட்டும், பிறகு மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டும், கடைசியாக ஃபாண்டம் மின்சாரத்தை (இன்டர்ஃபேஸ் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) அணைத்து மைக் கேபிளையே கழற்றிவிட்டும் அதையே செய்யுங்கள். கிட்டாருக்கும் சார்ஜர் சோதனையைத் தனியாகச் செய்துவிட்டு, எந்தக் கட்டத்தில் எந்த ஒலி மறைகிறது என்று இங்கே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

செய்து பார்த்தேன். மின்விசிறி நின்றதும் "உஸ்" ஒலி பெருமளவு குறைந்தது. மைக்கைக் கழற்றிய பிறகும் மிக மெல்லியதாக ஒன்று எஞ்சுகிறது. சார்ஜரைக் கழற்றியதும் கிட்டாரின் கீச்சொலி அடியோடு நின்றுவிட்டது. ரீங்காரம் மட்டும் இருக்கிறது. அதுவும் கம்பிகளைத் தொட்டால் அடங்குகிறது, கையை எடுத்தால் திரும்பிவிடுகிறது.

மறுமொழி 2

கிட்டார் பற்றி மட்டும் சொல்கிறேன். கீச்சொலி சார்ஜரிலிருந்து யூஎஸ்பி வழியாக இன்டர்ஃபேஸுக்குள் வருகிறது. பதிவு நேரத்தில் பேட்டரியில் ஓட்டுவதே எளிய தீர்வு. கம்பியைத் தொட்டால் அடங்கும் ரீங்காரம், சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து கிட்டாரும் அதன் கேபிளும் வாங்கிக்கொள்வது. குட்டையான, நல்ல உறையுள்ள கேபிளைப் பயன்படுத்துங்கள். மின் அடாப்டர்களையும் ஒளி குறைக்கும் டிம்மர் விளக்குகளையும் விட்டு விலகி உட்காருங்கள். நீண்ட கேபிள்தான் வேண்டுமென்றால் கிட்டாரின் ஒலியலையை நீண்ட கேபிளுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிஐ பாக்ஸ் ஒன்றை இடையில் வைத்து, அங்கிருந்து வெளி இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிளில் கொண்டுவரலாம். ரீங்காரத்தைப் போக்குவதாக நினைத்துப் பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

மறுமொழி 1

குரலைப் பொறுத்தவரை, உங்கள் சிக்கலின் வேர் அந்த 60 செ.மீ. தூரம்தான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்தால், நேராக வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 15 செ.மீ.க்கு வந்தால் 12 டெசிபல் கிடைக்கும். அந்த அளவுக்குக் கெயினைக் குறைக்கலாம், குறைத்த கெயினோடு மின்விசிறி ஒலியும் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் கீழிறங்கும். பெட்டிக்குள் பாடியது போன்ற தன்மையும் இரைச்சலும் ஒரே நகர்த்தலில் குறைவது இதனால்தான். நெருங்கும்போது தாழ்ந்த ஒலிகள் தடித்துக் கேட்கும், ப, ப்ப போன்ற எழுத்துகளில் காற்று மோதும். காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டரை வைத்து, மைக்கை வாய்க்கு நேராக அன்றிச் சற்றே பக்கவாட்டில் நிறுத்தி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளை வெட்டிவிடுங்கள். மைக்கைக் கழற்றிய பிறகும் எஞ்சுவது இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சல். கெயின் இறங்கினால் அதைப் பொருட்படுத்த வேண்டியிராது.

மறுமொழி 3

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தூரம் மட்டும் போதாது, திசையும் முக்கியம். உங்களுடையது கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை முதன்மையாக வாங்கும் வகை) என்றால் அது தன் முதுகுப் பக்க ஒலியைத்தான் மிகக் குறைவாக வாங்கும். ஆகவே மைக்கின் முதுகு மடிக்கணினியைப் பார்க்க வேண்டும். பாடுபவரின் பின்னால் வெறுஞ்சுவர் இல்லாமல் கனத்த போர்வையோ துணிகள் நிறைந்த அலமாரியோ இருக்க வேண்டும். மெல்லிய ஃபோம் உயர்ந்த ஒலிகளை மட்டுமே உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர் என்பதால், இரண்டு விரல் தடிமன் அதை என்ன செய்துவிடும்? அறையின் கூர்மை மழுங்கி, முழக்கம் மட்டும் மிஞ்சும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மிதமான அளவில், கடைசிக் கட்டத்தில் பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

மின்விசிறியை நிறுத்தி, மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து, அலமாரிக்கு முதுகு காட்டிப் பாடினேன், மென்பொருளே தேவைப்படவில்லை. ஒரு ஐயம் மட்டும்: கெயினைக் குறைத்ததால் அலைவடிவம் இன்னும் சிறியதாகவே தெரிகிறது. அளவு குறைவாகப் பதிவதால் தரம் கெடாதா?

மறுமொழி 1

மென்பொருளின் பதிவு அமைப்பில் 24 பிட் நுணுக்கத்தைத் தேர்ந்து பதிவு செய்தால் கெடாது. உரக்கப் பாடும் இடங்களில் மீட்டரின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபல் வரை எட்டினால் போதும். எஞ்சியதைக் கலவையின்போது உயர்த்திக்கொள்ளலாம். பூஜ்யத்தைத் தாண்டிச் சிதைந்த ஒலியைப் பின்னால் முழுமையாக மீட்க முடியாது. கண்ணுக்கு அலைவடிவம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் மென்பொருளில் அதன் காட்சியளவை மட்டும் உயர்த்துங்கள், கெயினைத் தொடாதீர்கள்.