நேரடி விற்பனை: பொருள் நன்றாக இருந்தால் போதுமா?

கேள்வி: அத்தை மகன் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் (கடை இல்லாமல், சேர்ந்த ஆட்கள் மூலமே பொருள் விற்பது) சேரச் சொல்லி விடாமல் கேட்கிறான். புரோட்டீன் பவுடர் தரமாகத்தான் இருக்கிறது, ஆனால் விலை அதிகம். பொருள் நல்லதென்றால் தொழிலும் நேர்மையானதுதானே?

பதில் 1: இல்லைங்க, இரண்டும் வேறு. 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை ஆம்வே இந்தியா என்ற நேரடி விற்பனை நிறுவனத்தின் 757 கோடி ரூபாய்க்கும் மேலான சொத்துகளை முடக்கியபோது சொன்ன குற்றச்சாட்டே, பிரமிடு முறையில் (ஒருவர் கீழ் ஒருவராக ஆள் சேர்த்து, அதிலிருந்து மேலே இருப்பவர்கள் சம்பாதிப்பது) ஆள் சேர்க்கிறார்கள், மேலே இருப்பவர்களுக்குப் போகும் கமிஷனால் விலை ஏறுகிறது என்பதுதான்.

பதில் 2: எங்கள் வீட்டில் வருடக்கணக்காக ஆம்வே சோப்புதான், குறையே இல்லை. வாங்குங்கள், சேராதீர்கள்.

பதில் 3: 2021 நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. கீழே ஒருவரையும் சேர்க்காமல், வெளியாட்களுக்கு விற்று மட்டும் எவ்வளவு சம்பாதித்தான் என்று உங்கள் அத்தை மகனிடம் கணக்குக் கேளுங்கள். அப்புறம் முடிவெடுங்கள்.