உள்நாட்டுக் கடன், உள்நாட்டுக் கொடுகடன்: எதை வைப்பது?

சுங்கை சிப்புட், கூட்டுறவு மலர் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கூட்டுறவுச் சங்க ஆண்டு மலரில் மலேசியாவின் கடன் போக்கைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வருகிறது. மலாய் மொழியில் ‘கிரெடிட் டொமெஸ்டிக்’ (வங்கிகள் நாட்டுக்குள் கொடுத்திருக்கும் கடன்) என்று இருப்பதை ‘உள்நாட்டுக் கடன்’ என்று போட்டிருந்தோம். மெய்ப்புப் பார்த்தவர் சிவப்பில் கோடு போட்டுத் திருப்பிவிட்டார். அரசாங்கம் உள்நாட்டில் வாங்கிய கடனுக்கும் அதே பெயர்தான், கட்டுரையில் இரண்டும் வருகின்றன, எங்கே எதைச் சொல்கிறோம் என்று எப்படித் தெரியும் என்கிறார். நியாயமான கேள்வி. கணினி மொழிபெயர்ப்பைக் கேட்டால் ‘உள்நாட்டு வரவு’ என்கிறது. கணக்குப் பதிவில் வேண்டுமானால் அது வரவாக இருக்கலாம். அட்டவணைத் தலைப்பில் போட்டால் வருமானம் என்றுதான் படிப்பார்கள்.

‘கடனளிப்பு’ சரியாக வருமா? வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள். மலரைப் படிப்பவர்கள் பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்களிலும் பட்டணத்துக் கடைகளிலும் வேலை செய்பவர்கள்.

கொழும்பு, மொழிபெயர்ப்பாளர்

வணக்கம் ஐயா. இலங்கை மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளில் இதற்குத் தீர்வு ஏற்கெனவே உண்டு. கொடுத்தவர் பக்கம் நின்று பார்த்தால் கொடுகடன், வாங்கியவர் பக்கம் நின்றால் படுகடன். தனியார் துறைக்கான கொடுகடன், பொதுப்படுகடன் என்றே எழுதுகிறோம். உங்களுக்கு வேண்டியது உள்நாட்டுக் கொடுகடன்.

வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. கொடுத்த கடன், கொடுக்கின்ற கடன், கொடுக்கும் கடன் மூன்றும் அதற்குள் அடங்கும். கடன் படுதல் ஊரறிந்த வழக்கு, ஆகவே படுகடனுக்கு விளக்கமே தேவையில்லை.

ஈப்போ, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

கொடுகடனுக்கு என் ஓட்டு. ஒரே ஓர் எச்சரிக்கை: தட்டச்சில் கை தவறி ‘கொடுங்கடன்’ ஆகிவிட்டால் அலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) கடன் என்று ஆகிவிடும்.

‘கடனளிப்பு’ வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அளிப்பு ஒரு செயல். ‘இந்த ஆண்டு கடனளிப்பு 1,180’ என்றால் இந்த ஆண்டில் புதிதாகக் கொடுத்தது 1,180 என்றே எவரும் படிப்பார்கள். இந்த எண்ணோ டிசம்பர் 31 அன்று திரும்பி வராமல் நிற்கும் மொத்தம். பத்தாண்டுக்கு முன் கொடுத்த வீட்டுக் கடனில் மீதமிருப்பதும் அதில் உண்டு.

இதற்குள் என்னென்ன சேர்கின்றன என்பதையும் கட்டுரையில் ஒரு கட்டம் போட்டுக் காட்டுங்கள், இல்லாவிட்டால் சொல் மட்டும் நின்று பயனில்லை. எளிய எண்களில்: வங்கிகள் அரசுக்குக் கொடுத்தது 300. அரசு அதே வங்கிகளில் போட்டு வைத்திருப்பது 80. கழித்தால் 220. தனியாருக்குக் கொடுத்தது 1,180. ஆக உள்நாட்டுக் கொடுகடன் 1,400. மொத்த உள்நாட்டு உற்பத்தி 1,000 என்று வைத்தால் விகிதம் 140 விழுக்காடு. தனியார் துறைக்கு மட்டும் 118.

இரண்டு எண்களையும் கலந்துவிடுவதுதான் பத்திரிகைகளில் அதிகம் நடக்கும் தவறு. அரசுக்கு மட்டும் நிகரக் கணக்கு, மற்றவர்களுக்கு முழுக் கணக்கு. அரசு தன் வைப்பிலிருந்து 50 எடுத்துக் குத்தகைக்காரர்களுக்குக் கொடுக்கிறது என்று வையுங்கள். நிகரம் 270 ஆகும், விகிதம் 145க்கு ஏறும். எந்த வங்கியும் ஒரு சென்கூடப் புதிதாகக் கடன் கொடுத்திருக்காது. இதே கணக்கு மறுபக்கமும் போகும்: அரசின் வைப்பு மலைபோல் குவிந்திருந்த போட்ஸ்வானாவில் மொத்த எண் பல ஆண்டுகள் சுழியத்துக்குக் கீழே இருந்தது. ஆகவே மக்களுக்கும் தொழிலுக்கும் கடன் எப்படிப் போனது என்பதுதான் கட்டுரை என்றால் தனியார் வரிசையை மட்டும் எடுங்கள்.

கொழும்பு, மொழிபெயர்ப்பாளர்

நிகரத்துக்கு நாங்கள் ‘தேறிய’ என்று பாவிக்கிறோம். அரசாங்கத்திற்கான தேறிய கொடுகடன். திரும்பாமல் நிற்கும் தொகைக்கு ‘வெளிநின்ற’ உண்டு. விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட், கடைக் கணக்கர்

‘தேறிய’ இங்கே தேர்வில் தேறியதாகிவிடும், ‘நிகர’ இருக்கட்டும். ‘வெளிநின்ற’ என்றால் யார் வெளியே நிற்கிறார் என்று கேட்பார்கள். ‘நிலுவை’ போடலாமே என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இங்கே நிலுவை என்றால் தவணை தப்பிய பாக்கி. மோட்டார் சைக்கிள் தவணையில் மூன்று மாத நிலுவை என்றால் வண்டியை இழுக்க ஆள் வரப் போகிறது என்று பொருள். ஒழுங்காகக் கட்டி வருகிறவரின் கடனை நிலுவை என்று எழுதினால் சண்டைக்கு வருவார். ‘கொடுகடன் இருப்பு’ எனலாம். கடையில் சரக்கிருப்பு, வங்கியில் கணக்கிருப்பு எல்லாம் புழங்குகிற சொல்தான்.

இன்னொன்று. எங்கள் ஆட்களுக்குக் கடன் என்றதும் கண்முன் வருவது மளிகைக் கடையில் பற்று எழுதும் 555 குறிப்புப் புத்தகம். அது இந்த எண்ணில் சேராது என்று எழுதியே ஆகவேண்டும். கடைக்காரர் வங்கியில் 40,000 வெள்ளி (ரிங்கிட்) ஓவர்டிராஃப்ட் எடுத்து அரிசியும் பால்மாவும் இறக்கி, 555இல் எழுதிக் கொடுத்து, புத்தகப் பாக்கி 55,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். உள்நாட்டுக் கொடுகடனில் ஏறுவது அந்த 40,000 மட்டுமே.

அடகும் இப்படித்தான். ஒரே சங்கிலியைத் தனியார் அடகுக் கடையில் வைத்தால் வங்கிகளின் கணக்கில் வராது. நாலு கடை தள்ளி, வங்கி நடத்தும் அர்-ரஹ்னுவில் (இஸ்லாமிய முறை அடகு) வைத்தால் வரும். கூட்டு (சீட்டு) பிடிப்பதும் வராது. அது வராததற்கு வேறு காரணமும் உண்டு, அதைத் தொழிலாக நடத்துவதை 1971லிருந்து சட்டமே தடுக்கிறது. (அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் ‘கூட்டு’ மலாயிலும் ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கிறது. கலைச்சொல் உருவாக்க யாரும் குழு போடவில்லை.)

தஞ்சோங் மாலிம், பொருளியல் விரிவுரையாளர்

சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. இனி எண்கள். தனியார் துறைக் கொடுகடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1997இல் 150 விழுக்காட்டைத் தாண்டியது, 2008 வாக்கில் 100ஐ ஒட்டி இறங்கியது, 2020இல் 130ஐக் கடந்தது. இந்த மூன்று புள்ளிகளை ஒரு கோட்டில் இணைத்து ‘வளர்ச்சி, வீழ்ச்சி, மீட்சி’ என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1997க்குப் பின் வந்த இறக்கம் முழுவதையும் மக்கள் கடனை அடைத்ததாகக் கொள்ள முடியாது. 1998இல் அரசு தொடங்கிய டனாஹர்த்தா நிறுவனம், வங்கிகளிடமிருந்த வாராக் கடன்களை வாங்கிக்கொண்டது. கடன்பட்டவர் அப்படியே கடன்பட்டிருக்க, வங்கிப் புத்தகத்தில் மட்டும் அது மறைந்தது. பெரிய நிறுவனங்களும் வங்கிக்குப் போவதைக் குறைத்துக் கடன் பத்திரமும் சுக்குக்கும் (இஸ்லாமிய முறைப் பத்திரம்) வெளியிடத் தொடங்கின. அந்தப் பத்திரத்தை வங்கி வாங்கினால் கொடுகடனில் சேரும். ஊழியர் சேமநிதி வாரியம் வாங்கினால் வைப்பு ஏற்கும் நிறுவனங்களின் கணக்கில் சேராது. நிறுவனத்தின் படுகடன் இரண்டிலும் ஒன்றே. கொடுகடன், படுகடன் என்று பிரித்தது இங்கே கை கொடுக்கிறது: இரண்டும் எப்போதும் சமமாக இருக்கவேண்டியதில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

2020இன் ஏற்றமும் இப்படித்தான். ஏப்ரல் முதல் ஆறு மாதம் தவணை ஒத்திவைப்பு இருந்தது. வழக்கமாக மாதாமாதம் கரையும் இருப்பு கரையவில்லை. அதே ஆண்டு உற்பத்தி ஐந்து விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. மேலே இருக்கும் எண் குறையாமல் கீழே இருப்பது குறைந்தால் விகிதம் தானாக ஏறும். அதைக் ‘கடன் தாராளமாகக் கிடைத்தது’ என்று எழுதினால் முழுக்கத் தலைகீழ்.

கடன் போன இடமும் மாறிவிட்டது. 1997–98 ஆசிய நிதி நெருக்கடிக்கு முன் தொழில், கட்டுமானம், பங்கு வாங்கக் கடன் என்று நிறுவனங்களின் பக்கம் சாய்ந்திருந்தது. இப்போது வங்கிக் கடனில் பாதிக்கு மேல் குடும்பங்களுக்கு: வீடு, கார், தனிநபர் கடன். இந்தப் பகுதிக்கு ‘வீட்டுக் கடன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது வீடு வாங்கும் கடன் ஆகிவிடும். ‘குடும்பப் படுகடன்’ போதும். மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிடும் அந்தக் கணக்கில் வங்கியல்லாத சில நிறுவனங்கள் கொடுத்ததும் சேரும். ஆகவே அதை வங்கிக் கொடுகடனிலிருந்து கழித்து ‘மீதி நிறுவனங்களுக்கு’ என்று எழுதக்கூடாது.

வரைபடம் போடுகிறவருக்கு: கொடுகடன் ஆண்டிறுதி எண், உற்பத்தி ஆண்டு முழுவதன் எண். விலைவாசி வேகமாக ஏறும் நாட்டில் இது விகிதத்தை ஊதிக் காட்டும். சென்ற ஆண்டிறுதி 1,100, இந்த ஆண்டிறுதி 1,180 என்றால் சராசரி 1,140 எடுத்து 1,000ஆல் வகுங்கள். 118க்குப் பதில் 114 வரும். இன்னும் நுணுக்கமாகச் செய்பவர்கள் இரண்டு இறுதி எண்களையும் அந்தந்த மாத விலைக் குறியீட்டால் சீர்செய்த பிறகே சராசரி எடுப்பார்கள். மலருக்கு அவ்வளவு வேண்டாம். எந்த முறை என்று மட்டும் அடியில் எழுதுங்கள்.

ஈப்போ, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

ஒரு சந்தேகம். இஸ்லாமிய வங்கிகள் கொடுப்பதைக் கடன் என்று சொல்லக்கூடாது என்பார்கள். முராபஹாவில் வங்கி பொருளை வாங்கி இலாபம் வைத்துத் தவணைக்கு விற்கிறது. இங்கே வங்கிகள் கொடுப்பதில் அது சிறு பகுதி அல்ல. கொடுகடன் என்ற சொல் அதைத் தாங்குமா?

தஞ்சோங் மாலிம், பொருளியல் விரிவுரையாளர்

தாங்கும். புள்ளிவிவரம் ஒப்பந்தத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, திரும்ப வரவேண்டிய தொகை இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இங்குள்ள அறிக்கைகள் ‘கடன்/நிதியளிப்பு’ என்று இரண்டையும் சேர்த்தே போடுகின்றன. முதல் முறை வரும்போது ‘இஸ்லாமிய நிதியளிப்பும் இதில் அடங்கும்’ என்று ஒரு வரி போதும்.

சுங்கை சிப்புட், கூட்டுறவு மலர் ஆசிரியர்

நன்றி. மலரில் இப்படிப் போகிறது: உள்நாட்டுக் கொடுகடன், தனியார் துறைக் கொடுகடன், அரசுக்கான நிகரக் கொடுகடன், குடும்பப் படுகடன், கொடுகடன் இருப்பு. அரசு வாங்கியது அரசின் உள்நாட்டுப் படுகடன். 555 புத்தகம், அடகு இரண்டையும் தனிக் கட்டத்தில் போடுகிறேன். கணக்கர் அண்ணன் அந்த எண்களைக் கற்பனை எடுத்துக்காட்டு என்று குறித்துத் தரவும். வரைபடம் செய்பவர் 1998க்கும் 2020க்கும் நட்சத்திரக் குறி இட்டு, டனாஹர்த்தா, தவணை ஒத்திவைப்பு என்று அடியில் எழுதட்டும். செங்குத்து அச்சின் பெயர் ‘தனியார் துறைக் கொடுகடன் இருப்பு, டிசம்பர் இறுதி, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் விழுக்காடு’. நீளம்தான், இரண்டு வரியாக மடித்துக்கொள்ளலாம்.